ஒரே ஒரு முறைதான் கேட்பேன்

கேம்டன் ஃபால்ஸ், ஒஹாயோ
அக்டோபர் 12, 1987

மார்லிஸ்,

மூன்று வருடம் கழித்து உன்னிடமிருந்து ஓர் அஞ்சலட்டை. முன்பக்கம் நம் ஊர் ஏரி. பின்பக்கம் நான்கு வரி. அப்பாவுக்கு எண்பத்தொன்று முடிந்துவிட்டது. நடையில் தடுமாற்றம். நவம்பர் நன்றி விருந்துக்கு வா. வழக்கம்போல நீ கை துடைக்கக் காகித நாப்கின் கொண்டுவா.

நான் லத்தீன் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். நான்கு வரியில் எந்த வரிக்காக மற்ற மூன்றும் எழுதப்பட்டன என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இதில் அது நாப்கின்.

நம் வீட்டில் யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதற்குக் கணக்கு. பன் அம்மாவுடையது. இனிப்புக்கு ஆப்பிள் பை உன்னுடையது. லவோன் சித்திக்குப் பச்சை ஜெல்லி. உன் புருஷன் டுவேன் ஒன்றும் செய்யாமலேயே வான்கோழியை அறுக்கும் கத்தி அவன் கைக்குப் போய்விட்டது. எனக்கு நாப்கின். ஹெலன் என்னோடு வாழ்ந்தவரை அவள் பெயரில் பீன்ஸ் கிடைத்தது. அவள் என்னை விட்டுப் போன அந்த வருடமே மறுபடி நாப்கின். சமைக்கத் தெரியாத ஆண், பெண்டாட்டி இல்லாதவன், கடையில் பொட்டலம் வாங்கி வந்தால் போதும்.

வருகிறேன். நாப்கின் கொண்டுவர மாட்டேன். பன் நான் செய்கிறேன். அது முடியாது என்றால் நானும் வரவில்லை.

84-ஆம் வருட விருந்தைப் பற்றி நீ சர்ச்சில் என்னென்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வதையும் ஒருமுறை கேள். அம்மா அந்த செப்டம்பரில் இறந்துபோனாள். அவள் கையால் சுட்ட பன்கள் ஒரு பை நிறைய ஃப்ரீசரில் இருந்தன. நீ அதைச் சூடாக்கி மேசையில் வைத்தாய். தட்டு சுற்றி வந்தது. கடைசியில் ஒன்று மிஞ்சியது. நம் ஊரில் கடைசித் துண்டை எவனும் எடுக்க மாட்டான். பாதியாக வெட்டுவான். அடுத்தவன் அந்தப் பாதியைப் பாதியாக்குவான். முடிவில் ஒரு துணுக்கு தட்டில் காய்ந்து கிடக்கும், அதற்குப் பெயர் மரியாதை. அம்மாவின் கடைசி பன்னுக்கு அந்தக் கதி வர நான் விடுவதாக இல்லை. அப்பாவிடம் கேட்டேன். 'வேண்டாம்ப்பா' என்றார். மறுபடி கேட்டேன். 'நீ சாப்பிடு, எனக்கு வேண்டாம்' என்றார். எடுத்தேன். வெண்ணெய் தடவி முழுசாகச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மேசையைச் சுற்றி எல்லோரும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். நீ எழுந்து போய் யாரும் இன்னும் சாப்பிட்டு முடிக்காத பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாய். டுவேன் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. 'படிச்சவங்களுக்குப் பசி ஜாஸ்தி போல.'

நான் செய்தது தப்பில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஆர்விட்


ஆல்டர் பிரெய்ரி, மின்னசோட்டா
அக்டோபர் 20

ஆர்விட்,

உன் கடிதத்தை டுவேனும் படித்தார். 'நான் அப்படியா சொன்னேன்? நல்லாத்தான் சொல்லியிருக்கேன்' என்று சிரித்தார். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்வாய்.

சர்ச்சில் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சித்தி சொல்லியிருக்கலாம். சித்தி சொன்னால் நான் சொன்ன மாதிரிதான், அது வேறு விஷயம்.

நீ எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உனக்கு அது தெரியவே தெரியாது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. முதல் சுற்றில் அப்பா பன் எடுக்கவில்லை. எல்லோருக்கும் வரவேண்டுமே என்று தட்டை அப்படியே உனக்குத் தள்ளிவிட்டார். நீ அப்போது டுவேனோடு வரி உயர்வைப் பற்றி வாதம் செய்துகொண்டிருந்தாய். மிஞ்சியது அப்பாவுடைய பன். மேசையில் உன்னைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும்.

இரண்டு முறை வேண்டாம் என்றால் மூன்றாம் முறை கேட்க வேண்டும், ஆர்விட். நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட நம் ஊரில் இது தெரியும். ஒரு காப்பிக்கே மூன்று முறை கேட்கிறோம். மூன்றாவது முறை 'சரி, உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா அரைக் கோப்பை' என்பார்கள். நீ இரண்டோடு நிறுத்திவிட்டாய்.

அதற்குப் பிறகு நான் பன் சுடவில்லை. அம்மா மாதிரி முதல் நாள் உருளைக்கிழங்கு வேகவைத்து, அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, யாருக்காக? அப்பா கடை ரொட்டி சாப்பிடுகிறார். பன் என்று யார் கொடுத்தாலும் தொடுவதில்லை. போதகர் வீட்டு அம்மா ஈஸ்டருக்குக் கொண்டுவந்ததைப் பறவைகளுக்குப் போட்டார்.

உனக்கு அடுப்பு எந்தப் பக்கம் திறக்கும் என்றாவது தெரியுமா? தயவுசெய்து நாப்கின் கொண்டுவா. வெள்ளை.

மார்லிஸ்


கேம்டன் ஃபால்ஸ்
அக்டோபர் 27

மார்லிஸ்,

அடுப்பு முன்பக்கம் திறக்கும்.

இரண்டு வருடமாக நானே எனக்கு பன் சுட்டுக்கொள்கிறேன். அம்மாவின் பன் அல்ல. உருளைக்கிழங்கு கிடையாது, ராத்திரி ஊறவைப்பது கிடையாது. ஈஸ்ட் பொட்டலத்தின் பின்பக்கம் மடையர்களுக்காக ஒரு செய்முறை அச்சிட்டிருந்தார்கள். மடையனாக நின்று அப்படியே செய்தேன். வந்தது. நீயும் செய்து பார், பிறகு பேசு.

வெதுவெதுப்பான பால் ஒரு கப். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சுடக்கூடாது. சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். அதில் கால் கப் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி ஈஸ்ட். ஆமாம், இரண்டு. அம்மா போடுவதைவிட மிக அதிகம், அவசரத்துக்கு அதுதான் விலை. நுரைத்து வந்ததும் உருக்கி ஆறின வெண்ணெய், ஒரு முட்டை, உப்பு. மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போ, மூன்று கப்புக்குக் கொஞ்சம் மேலே போகும். மாவு விரலில் ஒட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பதத்தில் நிறுத்து. மேசையில் போட்டு நன்றாகப் பிசை. நான் கல்லூரித் தலைமையை நினைத்துக்கொண்டு பிசைவேன், மாவு பட்டாக வரும். துண்டால் மூடிக் கொஞ்ச நேரம் விட்டு, பன்னிரண்டு உருண்டையாக்கி, தட்டில் ஒன்றோடொன்று தோள் உரச அடுக்கு. அப்போதுதான் பக்கம் மெத்தென்று இருக்கும். மறுபடி உப்பியதும் நல்ல சூட்டில் வை. மேலே சிவந்ததும் எடுத்து வெண்ணெய் பூசு. வான்கோழியை வெளியே எடுத்து அறுக்குமுன் ஆறவைப்பாய் அல்லவா, அந்த நேரத்தில் உன் ஓவன் சும்மாதான் இருக்கும். எனக்கு அது போதும்.

இப்போது உன் மூன்று முறைக்கு வருகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் துறைக்குத் தலைவர் பதவி காலியானது. கல்லூரி முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, 'நீங்க எடுத்துக்கிறீங்களா?' என்றார். பதினெட்டு வருடம் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? 'ஐயோ, நான் அதுக்குத் தகுதியானவன் இல்லீங்க. வேற யாராவது இருப்பாங்க.' ஆல்டர் பிரெய்ரியின் நல்ல பிள்ளை. இன்னொரு முறை கேட்பார், அதற்கடுத்த முறை தலையாட்டலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் 'அப்படியா, ரொம்ப நன்றி' என்று எழுந்து கைகொடுத்தார். அடுத்த வாரம் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். இன்றுவரை நான் அவனிடம்தான் விடுப்பு கேட்கிறேன்.

ஹெலனும் வாசலில் பெட்டியோடு நின்று 'நான் போகட்டுமா?' என்றாள். 'உன் இஷ்டம்' என்றேன். அவளும் ஒருமுறைதான் கேட்டாள்.

இந்த நாட்டில் வேறெங்கும் யாரும் மூன்று முறை கேட்பதில்லை. அதை நமக்குச் சொல்லாமலே வளர்த்தார்கள். ஆகவே சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். நான் இனி ஒருமுறைதான் கேட்பேன். ஒருமுறைதான் பதில் சொல்வேன். அப்பாவானாலும் சரி. அவருக்கு பன் வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்ல வாய் இருக்கிறது.

ஆர்விட்


ஆல்டர் பிரெய்ரி
நவம்பர் 6

ஆர்விட்,

முதலில் உன் பன். நீ பொய் சொல்கிறாய் என்று காட்டத்தான் செய்தேன். முதல் தடவை கல் மாதிரி வந்தது. சந்தோஷமாக இருந்தது. டுவேன் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்து, 'கராஜ் கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்' என்றார். பிறகு யோசித்தால், பால் சூட்டை நான் மணிக்கட்டில் பார்க்கவே இல்லை. முப்பது வருடமாகப் பால் காய்ச்சுகிறவள், எனக்கா தெரியாது என்ற திமிர். மறுநாள் நீ சொன்னபடி செய்தேன். உப்பி வந்தது, ஆர்விட். துண்டைத் தூக்கியபோது எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. அம்மா ஒரு நாள் முழுக்கச் செலவழித்தாள். இது துணி காயப்போட்டு வருவதற்குள் தயார்.

டுவேன் ஆறு சாப்பிட்டுவிட்டு 'மோசமில்ல' என்றார். இந்த ஊரில் அதற்கு மேல் பட்டம் கிடையாது, உனக்கே தெரியும்.

அம்மாவுடையது மாதிரி இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சூடாக நான்கு எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். கேட்டேன். 'வேண்டாம்மா.' கேட்டேன். 'வெச்சுட்டுப் போ, அப்புறம் பாக்கலாம்.' மூன்றாவது தடவையும் கேட்டேன். 'வேண்டாம்னு சொல்றேன்ல.' நான் நான்காவது தடவைகூடக் கேட்டேன், நம் ஊரில் யாரும் செய்யாதது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆகவே மரியாதைக்காக மறுக்கிறார் என்று இனி நான் சொல்ல மாட்டேன். அவர் நிஜமாகவே வேண்டாம் என்கிறார். உன் கையால் கொடுத்தாலும் அதேதான் நடக்கும். நீ மேசையில் எல்லோர் முன்னாலும் தட்டை நீட்டி, அவர் வேண்டாம் என்று சொல்லி, நீ மறுபடி மூன்று வருடம் வராமல் போனால்? அவருக்கு இன்னொரு மூன்று வருடம் இல்லை. அதனால்தான் நாப்கின் கொண்டுவா என்றேன். உன்னைக் கேவலப்படுத்த இல்லை. நாப்கினை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

அந்தக் கல்லூரி விஷயம் எங்களுக்குத் தெரியாது. நீ சொல்லமாட்டாய், நாங்கள் கேட்கமாட்டோம். அப்பாவிடம் சொன்னேன்.

வான்கோழி வெளியே வந்ததும் ஓவன் உனக்கு. அது கொஞ்சம் அதிகமாகவே சுடும், கவனம்.

மார்லிஸ்


கேம்டன் ஃபால்ஸ்
நவம்பர் 14

மார்லிஸ்,

வருகிறேன். விருந்துக்கு முந்தின நாள், புதன் மாலை, காரில். பால், வெண்ணெய், முட்டை உன்னிடம் இருக்கும். மைதாவும் ஈஸ்டும் என்னுடையது, என் கைக்குப் பழகினது. உன் சமையலறையில் நான் பிசையும்போது யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது, டுவேன் உட்பட.

நாப்கின் கொண்டுவர மாட்டேன்.

அப்பாவிடம் ஒருமுறை கேட்பேன். ஒரே ஒரு முறை. வேண்டாம் என்றால் வேண்டாம், அதற்கப்புறம் அவர் பாடு.

ஆர்விட்


கேம்டன் ஃபால்ஸ்
டிசம்பர் 1

மார்லிஸ்,

வெள்ளிக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை. பனி வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். விடைபெற ஆரம்பித்தால் உங்கள் ஊரில் கதவருகே நின்று மத்தியானம் வரை பேசுவீர்கள், பிறகு கார் கண்ணாடி வழியாகவும் பேசுவீர்கள்.

சித்தி எனக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறாள். 'நீ மனசு மாறி அப்பாவிடம் கெஞ்சினது நெகிழ்ச்சியாக இருந்தது' என்கிறாள். நான் கெஞ்சவில்லை. மனசும் மாறவில்லை. ஒருமுறை கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். இரண்டாம் முறை நான் கேட்கவே இல்லை. ஊரில் யார் என்ன கதை கட்டினாலும் நடந்தது இதுதான், நீ சாட்சி. அதற்குப் பிறகு அவர் செய்தது அவர் முடிவு.

என் கறுப்புக் கோட்டு பாழ். சலவைக்காரர் 'ஏதாவது பேக்கரியில சண்டையா சார்?' என்கிறார். இரண்டாவது தட்டு பன்னில் அடிப்பக்கம் கருகியது என் தப்பில்லை. உன் ஓவன் ஒரு பக்கம் எரிகிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நான் இரண்டாம் முறை சமையலறையில் இருந்தபோது வெளியே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு டுவேன் சிரித்தது கேட்டது. அப்பாவும் சிரித்த மாதிரி இருந்தது. என்னைப் பற்றித்தானே? என்ன சொன்னார்கள்? உள்ளதை எழுது.

ஆர்விட்


ஆல்டர் பிரெய்ரி
டிசம்பர் 8

ஆர்விட்,

நீ இரண்டாம் முறை கேட்கவில்லை. சாட்சி சொல்கிறேன். ஆனால் தட்டைக் கீழே வைக்கவும் இல்லையே, தம்பி.

அப்பா 'வேண்டாம்ப்பா, வேற யாருக்காவது குடு' என்றார். நீ நின்றாய். வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு பன் மிஞ்சியிருந்த தட்டு அவர் மூக்குக்குக் கீழே. சித்தி தன் ஜெல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டுவேன் 'உக்காருப்பா, கை வலிக்கப்போவுது' என்றார். நீ நின்றாய். இதோ தட்டை வைத்துவிட்டுக் கார் சாவியைத் தேடப்போகிறான் என்று நினைத்தேன். தட்டைப் பிடித்த உன் விரல்களில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் பார்த்தேன். அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பன்னை அல்ல.

எடுத்தார். பாதியாக்கவில்லை. வெண்ணெய்கூடக் கேட்கவில்லை. மென்று முடித்துவிட்டு, காலித் தட்டைப் பார்த்து 'இன்னொண்ணு இருக்கா?' என்றார்.

எண்பத்தொரு வருடம், ஆர்விட். அந்த மனிதர் மேசையில் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நானும் பார்த்ததில்லை, சித்தியும் பார்த்ததில்லை. அம்மாவின் பன்னாக இருந்திருந்தால், நாளைக்குத்தான் அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். நீ 'இருங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டைக்கூடக் கழற்றாமல் புது மாவு பிசைய உள்ளே போனாய்.

இனி நீ கேட்டது. நான் உனக்கு உதவ எழுந்தேன். அப்பா, 'நீ உக்காரு. அவன் செய்யட்டும்' என்றார். சித்தி ஆப்பிள் பையை வெட்டக் கத்தியை எடுத்தாள். 'லவோன், இரு' என்றார். அவ்வளவுதான், யாரும் அசையவில்லை. வான்கோழி ஆறியது, குழம்பில் ஆடை படிந்தது, அடுத்த அறை டி.வி.யில் ஃபுட்பால் பார்க்க ஆளில்லாமல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நாப்கின் இல்லாததால் சித்தி மேசைவிரிப்பில் கை துடைத்தாள். அதுதான் உனக்குக் கேட்ட அமைதி.

பிறகு டுவேன் சொன்னார், 'முப்பது வருஷமா இந்த வீட்ல யாரும் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல. இன்னிக்குக் கேட்டாச்சு. பாருங்க, மொத்த விருந்தும் ஆறிப்போச்சு.' அதற்குத்தான் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். உன்னைப் பார்த்தல்ல, தன்னைப் பார்த்து.

நீ மாவை மேசையில் போட்டு அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டபடி என்னிடம் மெதுவாக, 'அந்தக் காலேஜ்காரங்க இவன ஒரு தடவதான் கேட்டாங்களா?' என்றார்.

'ஆமாப்பா.'

'முட்டாப் பசங்க' என்றார்.

அப்பா கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். பன் வந்ததும் கருகின அடியோடு மூன்று சாப்பிட்டார். கடைசி ஒன்று மிஞ்சியது. அதை வெண்ணெய் தடவி முழுசாகச் சாப்பிட்டது யார் என்று உனக்கே தெரியும். இந்தத் தடவை யாரும் முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

மார்லிஸ்


கேம்டன் ஃபால்ஸ்
டிசம்பர் 12

மார்லிஸ்,

அப்பா சொன்ன வார்த்தைக்கு லத்தீனில் ஏழெட்டு இருக்கின்றன. எதுவும் அவ்வளவு பொருத்தமாக இல்லை.

அந்தச் சின்னவன் வசந்தத்தில் வேறு ஊருக்குப் போகிறான். நாற்காலி மறுபடி காலி. யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. நேற்று காலை நானே முதல்வர் அறைக்குப் போய், உட்காராமல், 'அந்த வேலை எனக்கு வேணும்' என்றேன். அவர் மேசை மேல் நான் எதையோ போட்டு உடைத்த மாதிரி பார்த்தார். கொடுக்க மாட்டார்கள். கொடுக்காவிட்டால் போகட்டும். அடுத்த முறையும் போய்க் கேட்பேன். அவர் முகத்தைப் பார்க்கவாவது கேட்பேன்.

டுவேனிடம் சொல், நான் இன்னும் எதையும் மறக்கவில்லை. வரி விஷயத்தில் அன்று நான் சொன்னதுதான் சரி.

கல்லூரி அடுத்த வெள்ளிக்கிழமை மூடுகிறது. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

ஒருமுறைதான் கேட்கிறேன்.

ஆர்விட்


(அஞ்சலட்டை. முன்பக்கம் ஏரி, உறைந்தது.)

ஆல்டர் பிரெய்ரி
டிசம்பர் 16

ஆர்விட்,

வா.

நாப்கின் நான் வாங்கிவிட்டேன்.

மார்லிஸ்